பிரெட் இன்ஸ்பெக்டர்

பழுப்பு பிரெட்டைக் கையில் எடுத்தவன், அதைத் திரும்பவும் அடுக்கிலேயே வைத்துவிட்டான்.

மறுபடி எடுத்தான். உறையின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்துகளைப் படிக்கப் பார்த்தான். எழுத்துகள் கலங்கின.

முழுக் கோதுமை. பக்கத்தில் ஆளிவிதை தூவியது. அதற்கு அப்பால் ஓட்ஸ் போட்டது. இந்த அடுக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன். எந்த ஒயர் எங்கே போகிறது என்று தெரியாமல் கை வைக்கமாட்டான். பிரெட்டிலும் அதே கதைதான். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, சர்க்கரையைக் கருக்கி ஊற்றியும் பழுப்பாக்குவார்கள் என்பான். சேர்மானப் பட்டியலில் முதல் சொல் மைதா என்று இருந்தால் போதும், உறையில் எத்தனை கோதுமைக் கதிர் வரைந்திருந்தாலும் தொடமாட்டான்.

மனைவிக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து வந்த பழக்கம்.

அவள் அவனுக்கு வைத்த பெயர் பிரெட் இன்ஸ்பெக்டர்.

"இதப் பல்லால கடிக்கணுமா, இல்ல உங்க ரம்பத்த எடுத்துட்டு வர்றீங்களா?" என்று காலையில் சாப்பாட்டு மேசையில் கேட்பாள்.

அவன் தன் துண்டை மென்றுகொண்டிருப்பான். அவனுக்கு ஒரு வியாதியும் கிடையாது. இருந்தும் அவள் தின்பதைத்தான் அவனும் தின்றான்.

அவளுக்குப் பிடித்தது வெள்ளை மில்க் பிரெட். பஞ்சு மாதிரி இருக்கும், லேசாகத் தித்திக்கும். ஒருமுறை அதை அவனுக்குத் தெரியாமல் வாங்கி, வாஷிங் மெஷினுக்குப் பின்னால் சோப்புத்தூள் டப்பாவோடு ஒளித்து வைத்திருந்தாள். அவன் கண்டுபிடித்துக் குப்பையில் போட்டான். அன்று பூராவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், சாயங்காலம் அவளாகவே வந்து, "விடுங்க, சோப்பு வாசனதான் அடிச்சுது" என்றாள்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மச்சினி. அதுவாக அடித்து ஓயட்டும் என்று விட்டான்.

பிறகு குனிந்து, கீழ் அடுக்கிலிருந்து வெள்ளை மில்க் பிரெட் ஒன்றை எடுத்தான். உறையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பில் போடும் பெண்ணுக்கு ஆச்சரியம்.

"என்னண்ணே, கட்சி மாறிட்டீங்க? அண்ணிக்கு சுகர் எறங்கிடுச்சா?"

ஆமாம் என்று தலையாட்டினான். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவனுக்கே நிச்சயமில்லை.

வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தான். வீட்டுக்கு ஏறும் லிஃப்ட்டில் யாருமில்லை. கண்ணாடியைப் பார்த்து முகத்தை அழுந்தத் துடைத்தான். ஒரு தரம் சிரித்துப் பார்த்தான். பரவாயில்லை, நம்பும்படிதான் இருந்தது.

அவள் வயிற்றோடு வெந்நீர்ப் பையை அணைத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச காலமாகவே இந்த வலி. சர்க்கரைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லித்தான் ஸ்கேன் எடுக்க அனுப்பியிருந்தார்கள்.

"போன் பண்ணிக் கேட்டீங்களா? ரிப்போர்ட் வந்துச்சாமா?"

"இன்னும் வரலையாம். நாளைக்குக் கேளுங்கன்னாங்க."

நன்றாகவே சொன்னான். குரல் பிசிறவில்லை. அவளும் சரி என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, அவன் கொண்டுவந்த கடைப் பைக்குள் கை விட்டாள்.

பிரெட் வெளியே வந்தது.

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்திருந்தான். இன்ஸ்பெக்டர் லஞ்சம் வாங்கிட்டாரா என்றாவது கேட்பாள் என்று எதிர்பார்த்தான். அவளோ, பிரெட்டை மடியில் வைத்துக்கொண்டு, உறையின் மேல் விரலை மெதுவாக ஓட்டினாள்.

காலையில் வேலைக்கென்று சொல்லிவிட்டு அவன் போனது ஆஸ்பத்திரிக்கு.

டாக்டரம்மா கதவைச் சாத்திவிட்டு, ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். ஆபரேஷன் செய்யலாமா என்று கேட்டான். மருந்து ஏதாவது? இதைவிடப் பெரிய ஆஸ்பத்திரி? ஒவ்வொன்றுக்கும் அவர் இல்லை என்று தலையசைத்தார். கேட்க எதுவும் மிஞ்சவில்லை. ஆனாலும் அவன் எழுந்திருக்கவில்லை. கடைசியில், பைத்தியக்காரன் மாதிரி, பிரெட்டைப் பற்றிக் கேட்டான். முழுக் கோதுமையையே கொடுத்துக்கொண்டிருக்கலாமா, இல்லை ஓட்ஸ் நல்லதா?

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை எடுத்து உறைக்குள் வைத்தார்.

"இனிமே அவங்களுக்கு எது பிடிக்குதோ, அதையே வாங்கிக் குடுங்க."

அதைத்தான் வாங்கி வந்திருந்தான். அந்த அறையிலிருந்து கொண்டுவந்த சேதியில், அவளுக்குக் கொடுக்கக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

"அவ்வளவுதானா?" என்றாள்.

கடையில் வேறெதுவும் வாங்கவில்லையா என்று கேட்கிறாள் என்று நினைத்தான்.

"அவ்வளவுதான்" என்றான்.

சொல்லி முடித்த பிறகுதான், அவள் பையைப் பார்க்கவில்லை, தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவனுக்கு உறைத்தது.