கொட்டிலில் இருந்த விறகு

எண்பத்தேழாம் ஆண்டுப் புயலில் லண்டன் லூயிஷாம் பூங்காவில் ஓக் மரங்கள் பல சாய்ந்தன. என் கணவர் கனகலிங்கம் அவற்றில் கிடைத்ததை அறுத்து, பின்வளவுக் கொட்டில் நிறைய அடுக்கினார். ஆனால் அது காய்ந்த பிறகு வந்த குளிர்காலத்திலும் வீட்டைச் சூடாக்கும் அடுப்புக்கு ஒரு நாளைக்கு நாலைந்து கட்டைதான் தந்தார்.

"இன்னும் ரெண்டு போடுங்கோவன். உங்களுக்கு இருமல் கூடிப்போச்சு."

"காணும், இவ்வளவு போதும். போர்த்துக்கொண்டு இரு."

"கொட்டில் நிறையக் கிடக்குது. ஆருக்குச் சேர்க்கிறியள்?"

"அதில கை வைக்காதை."

என் தங்கை வசந்தமலர் வந்தால் பகிடி பண்ணுவாள். "அத்தான், உங்கட வீட்டைவிட பஸ் ஸ்டொப் சூடு."

அவர் சிரித்துச் சிரித்து இருமுவார்.

தை மாதம் அந்த இருமல் நிமோனியாவானது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பயப்பிடாதை. கொட்டிலுக்குள்ள இருக்கிறது ஒரு ஆளை எரிக்கக் காணும். இந்த ஊரில சுடலைக்கு விறகு தேடி நீ அலைய ஏலாது. அதுதான் வச்சனான்."

ஓயாத ஷிப்ட் வேலையால் லண்டனில் அவர் ஒரு செத்தவீட்டுக்கும் போனதில்லை.

அவர் போன பிறகு தகனசாலைக்காரர் மரியாதையாகத்தான் சொன்னார். அங்கே எரிப்பது காஸ் நெருப்பில். வெளியிலிருந்து ஒரு குச்சி விறகும் உள்ளே விடமாட்டார்களாம்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த சனம் குளிரில் நடுங்கியது. வசந்தமலர் கொட்டிலைத் திறந்து, கை கொள்ளாமல் அள்ளிவந்து அடுப்பை நிரப்பினாள். நல்ல ஓக். நின்று எரிந்தது.

சற்று நேரத்தில் யாரோ வேர்க்குதென்று யன்னலைத் திறந்துவிட்டார்.