வேலை கொடுத்தவர் கையெழுத்து

"செக்யூரிட்டி லைசென்ஸ் இன்னைக்கோட முடியுது. கடைசி நாள்லயா புதுப்பிக்க வர்றது?" என்று கேட்டார் உரிம அதிகாரி.

"எல்லாம் எழுதிட்டேம்மா. வேலை கொடுத்தவங்க கையெழுத்துதான் பாக்கி," என்றார் எதிரே நின்றவர்.

"அது இல்லாம வாங்க முடியாது. நாளைக்கு நீங்க எந்த வாசல்ல நின்னாலும் குத்தம், தெரியுமில்ல?"

"தெரியும்மா. நின்னாத்தான் எங்க வீட்ல அடுப்பு எரியும்."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"மூணு நாளா கேக்கத்தான் பாக்கறேன். போன்ல பேசிக்கிட்டே உள்ள போயிடறாங்க. வணக்கம் வச்சாலும் நிமிர்ந்து பாக்கறதில்ல."

அதிகாரிக்குக் கோபம் வந்தது. "என்ன ஜென்மங்களோ! காவலுக்கு ஆள் வேணும், அந்த ஆளோட முகம் மட்டும் வேணாமா? நம்பரைக் குடுங்க, நானே நல்லா நாலு வார்த்தை கேக்கறேன்."

அவர் தயங்கினார்.

"விண்ணப்பத்துக்குச் சாதாரணச் சட்டையில போட்டோ எடுக்கணும்னாங்க. அதான் யூனிஃபார்மைக் கழட்டிட்டேன். இல்லேன்னா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்மா. பழைய அதிகாரி காலத்துலருந்து இந்த ஆபீஸ் வாசல்லதான் நிக்கிறேன்."

மூன்று நாள்களுக்கு முன்புதான் மாற்றலாகி வந்திருந்த அதிகாரி, விண்ணப்பத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். வேலை கொடுத்தவர் கையெழுத்திடும் கட்டத்துக்கு மேலே, 'இவரை நான் நேரில் அறிவேன்' என்று அச்சிட்டிருந்தது. திறந்த பேனா அங்கேயே நின்றது.

"உக்காருங்கண்ணே," என்றார் அவர். "வீட்ல எத்தனை பேரு?"