மீந்த அட்டை

பன்றிக்குட்டிகள் இன்றும் கழிந்திருந்தன. தாயிடமிருந்து பிரித்த நாளிலிருந்து தின்ற தீவனத்தின் கொழுப்பு எதுவும் செரிக்காமல் அப்படியே வெளியே வந்தது. தரையெல்லாம் எண்ணெய் மினுங்கியது. கழுவிக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் ரவிக்கை நனைந்திருந்தது. அது குழாய்த் தண்ணீர் அல்ல. ஒரு மாதம்கூட நிறையாத அவள் பிள்ளை வீட்டில் அப்பன் மடியில் கிடந்து, குட்டிகளுக்குக் கொடுக்கும் அதே கம்பெனியின், கொழுப்பைச் செரிக்கவைக்கும் என்சைம் சொட்டோடு புட்டிப்பால் குடித்துக்கொண்டிருந்தது. சொட்டு வந்த பிறகு தாய்க்கு நீண்ட பிரசவ விடுப்பு எதற்கு என்று சட்டத்தையே மாற்றிவிட்டார்கள்.

பண்ணை டாக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "சொட்டு மட்டும் போதாதும்மா, குடல் பழகணும். எல்லாக் குட்டியையும் தாய்கிட்டயே விடு. இன்னும் ரெண்டு வாரம் பால் குடிக்கட்டும்."

கயிறு கோத்த அட்டைகளை நீட்டினார். ஒவ்வொன்றிலும் 'தாயைப் பிரிக்காதே' என்று அச்சடித்திருந்தது.

"என் புள்ளைக்கும் இதே சொட்டுதான் சார். அவனும் இப்படித்தான் எண்ணெயா கழியிறான்."

"குட்டி செத்தா கம்பெனிக்கு நட்டம். உன் லீவு சட்டம் போட்டதும்மா, என் கையில இல்ல."

"என் புள்ள செத்தா யாருக்கு சார் நட்டம்?"

டாக்டர் செல்போனைப் பார்த்தார்.

ஜெசிந்தா குட்டிகளைத் தூக்கித் தூக்கித் தாய்களிடம் விட்டாள். பன்றிகள் உறுமியபடி சாய்ந்து படுத்து மடி கொடுத்தன. கொட்டில்தோறும் அட்டை மாட்டிய பிறகு ஒன்று மீந்தது. அதைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

"ஏய், வேலை நேரத்துல எங்க போற?"

அவள் நின்று, டாக்டரை நோக்கி நெஞ்சை நிமிர்த்தினாள்.

"நீங்க குடுத்த அட்டைதான சார், படிங்க!"