துடைத்தெடுத்த சத்தம்

"படம் சுமாரா இருந்தாக்கூட ஜனங்க பாப்பாங்கம்மா. சத்தம் சரியில்லேன்னா எழுந்து போயிடுவாங்க. பின்னாடி என்னமோ தட்டுது, எடுத்துடு" என்றார் எடிட்டர்.

ஒலியைச் சுத்தம் செய்வது அவள் வேலை. காலையில் எடுத்த விளம்பர வீடியோவில், குளிர்பதனக் கிடங்கின் முதலாளி இரும்புக் கதவில் சாய்ந்து நின்று பேசினார்.

"எங்க ரூம்ல பொட்டுக் குளிர் வெளியே கசியாது."

அவர் மூச்சு விடும் இடைவெளியில், டொக். பிறகு டொக் டொக்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுத்தாள்.

எடிட்டர் கேட்டுப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கு. உன் கைராசியே தனிம்மா."

செல்போன் அடித்தது. மாமியார்.

"ஏம்மா, ஷூட்டிங் மத்தியானமே முடிஞ்சிருச்சாமே. இவன் இன்னும் வரல, போனும் கிடைக்கல."

"லைட்டையெல்லாம் ஏறக்கட்டிட்டு வருவாரு அத்தை."

"குளிர் ரூம்ல வச்ச லைட்டை எடுத்துட்டு வரேன்னு காலைல உள்ள போனானாம். அப்புறம் யாரும் பாக்கலையாம்."

வீட்டில் காலிங் பெல் இருந்தும் அவள் கணவன் ஒருநாளும் அதை அழுத்தியதில்லை. கதவைத்தான் தட்டுவான். முதலில் ஒன்று, பிறகு இரண்டு.

திரையில், அவள் துடைத்த இடங்களிலெல்லாம் ஒலி அலை நேர்க்கோடாகக் கிடந்தது.