பத்தாம் நம்பர் ஸ்பானர்

பத்தாம் நம்பர் ஸ்பானரை மட்டும் காணவில்லை.

எட்டு இருந்தது, பன்னிரண்டு இருந்தது, ஜென்மத்தில் ஒருநாளும் உதவாத முப்பத்திரண்டுகூடப் பல்லை இளித்துக்கொண்டு கிடந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் தன் கருவிப் பெட்டியைத் தரையில் கவிழ்த்தே பார்த்துவிட்டார்.

வண்டிக்கு அடியில் ஏதோ ஒழுகியிருக்கிறது என்று காலையில் முதலில் சொன்னது அவர் மனைவிதான். போய்ப் பார்த்தால் பின்சக்கரத்துக்கு உட்புறம் பிரேக் ஆயில். காற்றுப் போக்கத் திறக்கும் நிப்பிள் எப்படியோ தளர்ந்திருந்தது. பெடலை மிதித்தால் தலையணையை மிதித்த மாதிரி உள்ளே போயிற்று. குழாயில் காற்று ஏறிவிட்டது.

பழைய ஜீப், எதுவும் நடக்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயரே பெரியவர். நல்ல உயரம் என்பதால் ஜாக்கி போடாமலேயே யார் வேண்டுமானாலும் அடியில் படுத்து நுழைந்துவிடலாம். அது ஒன்றுதான் அவரிடம் வசதி.

பிரேக்கில் காற்று எடுப்பது பெரிய வித்தை இல்லை. ஆனால் ஒற்றை ஆளால் முடியாது. மேலே ஒருவர் பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், கீழே ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். இத்தனை வருஷமாக மேலே மச்சான், கீழே அவர், பக்கத்தில் குந்தி டார்ச் பிடிக்க மனைவி.

மழைக்காலத்தில் பெரியவர் நடுரோட்டில் நின்றுபோனார். இரண்டு குடும்பமும் தொப்பலாக நனைந்தது. இது வண்டியே இல்லை, தகர டப்பா, எடைக்குப் போடுங்கள் என்று எல்லார் முன்னாலும் மச்சான் சொல்லிவிட்டான். இனிமேல் என் வண்டியில் கால் வைக்காதே என்று இவரும் வாயை விட்டுவிட்டார். அதோடு பேச்சுவார்த்தை நின்றது. மாடியில் இவர், கீழ்வீட்டில் அவன். மழை போய் வெயில் வந்தும் வீம்பு போகவில்லை.

நாளைக்கு மச்சான் வேலை மாற்றலாகிக் குடும்பத்தோடு வெளியூர் போகிறான். இப்படியே போய்விட்டால் அப்புறம் யார் முதலில் போன் செய்வது?

பெடல் மிதிக்க மனைவியைக் கூப்பிட்டார். முழங்கால் வலி என்றாள். ஸ்பானர் வாங்கலாம் என்றால் விடுமுறை நாள், கடையெல்லாம் பூட்டிக் கிடந்தது.

"என் தம்பிகிட்ட இருக்கும். வேணும்னா போய்க் கேளுங்க" என்றாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அவர் கீழ்வீட்டு வாசலில் போய் நின்றார். வாயைத் திறக்கவில்லை. பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.

மச்சானுக்குப் புரிந்தது. அவனும் வாயைத் திறக்கவில்லை. கட்டி வைத்திருந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்து ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். பிறகு யாரும் கூப்பிடாமலேயே போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டான்.

அவர் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

ரிம்மில் ஒரு தட்டு என்றால் அமுக்கு, இரண்டு தட்டு என்றால் விடு. பேசிவைத்துக்கொள்ளவில்லை, தானாக அப்படி அமைந்துவிட்டது. நிப்பிளில் மாட்டிய டியூபில் குமிழ் குமிழாகக் காற்று வந்தது. ஊமைக் கூத்து நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

திடீரென்று ஸ்பானர் வழுக்கி ரிம்மில் மோதியது, அதுவும் ஒன்றுக்கு இரண்டு தடவை. மேலே மச்சான் காலை எடுக்கத் தொடங்கினான். நிப்பிளோ திறந்தே இருந்தது. டியூபில் ஆயில் பின்னோக்கி நகர்ந்தது. வெளியே வந்த காற்று அத்தனையும் மறுபடி உள்ளே போகப் பார்த்தது.

"விடாதே மச்சான்!"

கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

மேலே பெடல் மறுபடி அழுந்தியது.

"விடல மாமா. பிடிச்சிருக்கேன்."

அப்புறம் யார் நிறுத்துவது? அமுக்கு, பிடி, விடு. நடுவில் புது ஊர்த் தண்ணீர் எப்படி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்ததா எல்லாம் வந்துவிட்டது. காற்று முழுக்கப் போய்ப் பெடல் கல் மாதிரி நின்ற பிறகும் இருவரும் பிரேக்கை விடவில்லை.

"மாமா, சாமான் லாரில போகட்டும். நாங்க நாளைக்குப் பெரியவர்லயே போறோம். நீங்கதான் கொண்டுபோய் விடணும்."

தகர டப்பாவிலா என்று கேட்க அவருக்கு நாக்கு துடித்தது. கேட்கவில்லை. கீழே படுத்தபடியே வாய்விட்டுச் சிரித்தார். கண்ணோரம் வழிந்தது ஆயில் என்று சொல்லிக்கொள்ளலாம், பக்கத்தில் யாரும் இல்லை.

வாசல் குழாயில் மச்சான் கை கழுவிக்கொண்டிருந்ததால் அவர் மாடிக்கு ஏறினார். முழங்கால் வலிக்காரி டீத் தட்டோடு இரண்டிரண்டு படியாக எதிரே இறங்கிப் போனாள்.

அழுக்குப் போகட்டும் என்று சோப்புத்தூள் டப்பாவுக்குள் கையை விட்டார். கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

பத்தாம் நம்பர் ஸ்பானர்.

அதன் வாயில் சோப்புத்தூள் ஈரமாகக் கட்டிப்போய் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தார். பிரேக் ஆயில்.

கீழே அக்காவும் தம்பியும் சிரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது.

அவர் ஸ்பானரை முன்பு இருந்ததைவிட ஆழமாகத் தூளுக்குள் புதைத்தார். மூடியை அழுத்தி மூடினார்.

மச்சான் லீவுக்கு வரும்போது தேவைப்படும்.