மாஸ்டரின் ஒரு வரி

"ஒரேயடியா கொன்னுடுங்க மாஸ்டர். துடிக்க விடாதீங்க."

அவள் கதவைச் சாத்தித் தாழும் போட்டுவிட்டாள். அறை முழுக்கக் காலி கிட்டார் பெட்டிகள் வாயைப் பிளந்து கிடந்தன. மாஸ்டர் மாட்டிக்கொண்டிருந்த புதுக் கம்பி கைநழுவிச் சுருண்டது.

"யாரைம்மா?"

"என் வீட்டுக்காரரை. ஐயோ, அவரை இல்ல... அவரோட ஆசையை." சொன்னவள் ஒரு பெட்டியை மூடி அதன் மேலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

ஏரிக்கரை விடுதியில் வார இறுதி கிட்டார் முகாம். வந்திருந்தவர்கள் யாரும் வித்வான்கள் இல்லை. பல் டாக்டர், ஓய்வுபெற்ற ரயில் டிரைவர், மருந்துக் கடைக்காரர் என்று பிழைப்புக்கு நடுவே விரலைத் தேய்த்துக்கொள்பவர்கள். இவள் கணவன் லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர். வந்த அன்றே 'லிஃப்ட்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இவள் துணைக்கு வந்தவள்.

முகாமுக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி நாள் மதியம் ஒவ்வொருவரும் தனியாக வாசிக்க வேண்டும். முடித்ததும் மாஸ்டர் எல்லார் முன்னாலும் ஒரே ஒரு வரி சொல்வார். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

"அந்த ஒரு வரிக்காகத்தான் வந்திருக்காரு மாஸ்டர். நீங்க நல்லா இருக்குன்னு சொல்லிட்டா நாளைக்கே ராஜினாமா. அப்புறம் முழு நேரமும் கிட்டார்தானாம். ரெண்டு பிள்ளைங்க படிக்குது. மாமியாருக்கு வைத்தியம் அந்தக் கம்பெனி தயவுலதான் ஓடுது. நான் ஒருத்தி எதை இழுத்து எதை மூட?"

"இதை அவர்கிட்டயே சொல்லலாமே?"

"எந்த வாயால சொல்ல? கல்யாணம் ஆன நாளா, சண்டைன்னு வந்தா ஒரே பல்லவி. 'உங்களுக்காகத்தான்டி கிட்டாரை மூட்டை கட்டினேன்.' போன மாசம் எனக்கும் வெறுத்துப் போச்சு. 'தாராளமா வேலையை விடுங்க, நான் இருக்கேன்'னு வீம்புக்குச் சொல்லித் தொலைச்சேன். மனுஷன் அதையே பிடிச்சுக்கிட்டாரு. இப்ப பின்வாங்கினா சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு."

மாஸ்டர் குனிந்து கம்பியை எடுத்தார். "அவரு நிஜமாவே நல்லா வாசிக்கிறாரும்மா."

"தெரியும். அதனாலதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்."

மாஸ்டர் அவளையே பார்த்தார். "புருஷனும் பொண்டாட்டியும் வீட்டுல வாயைத் திறந்து பேசிக்கவே மாட்டீங்களா?"

அவள் சட்டென்று அவர் காலைத் தொடப் போனாள். அவர் பதறி நகர்ந்தார்.

"எழுந்திருங்க முதல்ல. சரி, சொல்லிடறேன்."

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். வராந்தாவில் கணவன் கிட்டாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"என்னங்க, பயமா இருக்கா?"

"எனக்கென்ன பயம்?" என்றான். சேர்ந்த சுருதியையே மறுபடி சேர்த்தான்.

மதியம் கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. முதலில் பல் டாக்டர்.

"பல்லுன்னு நினைச்சுப் பிடுங்காதீங்க, அது கம்பி" என்றார் மாஸ்டர். கூடம் அதிர்ந்தது. அடுத்து ரயில் டிரைவர். "ஸ்டேஷன் வந்தா நிறுத்தணும் சார்." டிரைவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

"லிஃப்ட்டு, அடுத்து நீதான். மேல போ!" யாரோ கத்தினார்கள்.

அவன் வாசித்தான். முதல் சில நொடிகளிலேயே சிரிப்பு அடங்கிவிட்டது. மருந்துக் கடைக்காரர் வாய்க்குக் கொண்டுபோன தண்ணீர் பாட்டிலை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அவள் நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். பிள்ளைகள் விழித்துக்கொள்ளக் கூடாதென்று குளியலறையில் உட்கார்ந்து வாசித்த மனிதன். அங்கே கதவு வழியாகக் கேட்டதெல்லாம் இதில் பாதிகூட இல்லை.

கடைசிச் சுரம் அடங்கியது. மாஸ்டர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இது வீட்டு வாசிப்பு, மேடைக்குத் தாங்காது, வேலையை விட்டுடாதீங்க."

கூடம் உறைந்தது. அவன் கிட்டாரைத் தரையில் வைத்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள்கள் குலுங்கின.

அவள் கேட்டது நடந்துவிட்டது. பிள்ளைகள் தப்பித்தார்கள், மாமியார் தப்பித்தாள். ஆனால் அந்தத் தோள்களை அவளால் பார்க்க முடியவில்லை.

"பொய்!"

நாற்காலி சரிய எழுந்தாள். "மாஸ்டர் சொன்னது பொய். நான்தான் அப்படிச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். நல்லா வாசிக்கிறார்னு காலையில அவர் வாயாலேயே சொன்னாரு. கேளுங்க!"

எல்லாரும் மாஸ்டரைப் பார்த்தார்கள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். மறுக்கவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்க" என்று கணவன் பக்கம் திரும்பினாள். "நாளைக்கே ராஜினாமா கொடுங்க. இது வீம்புக்குச் சொல்லல. கஞ்சியோ கூழோ, குடும்பத்தை நான் பார்த்துக்கறேன். இத்தனை பேர் சாட்சி."

கைதட்டல் கூரையைப் பிளந்தது. டிரைவர் விசிலடித்தார். பல் டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "விட்டுடு லிஃப்ட்டு, வேலையை விட்டுடு!" என்று மருந்துக் கடைக்காரர் மேசையைத் தட்டினார்.

அவன் மெல்ல எழுந்து வந்து அவள் தோளை அணைத்துக்கொண்டான். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடியே அவள் காதருகே குனிந்து பல்லைக் கடித்தான்.

"அடிப்பாவி, நேத்து நானும் அதைத்தான்டி அவர்கிட்ட கெஞ்சினேன்!"