கருவிக்கு முந்திய குரல்

"புஷ்பக்கா, மெஷினுக்கு எம் பேரு எப்படிக்கா தெரியும்?"

காய்ச்சலில் செவி போய், ஆறு வயதில் காதுக்குள் கருவி பொருத்திய அன்று ஞானதுரை இப்படித்தான் கேட்டான். கருவி வேலை செய்யத் தொடங்கியதும் கம்பெனியின் வரவேற்புக் குரல்தான் முதலில் பேச வேண்டும் என்பது விதி. வார்டு உதவியாளர் மரியபுஷ்பம் அதை அமர்த்திவிட்டு, அவன் பெயரைச் சொல்லி அழைத்திருந்தாள். கம்பெனிக்குத் தெரிந்திருந்தால் அவள் வேலை போயிருக்கும்.

"மெஷினுக்கு என்னல தெரியும்? நாந்தாம்ல கூப்பிட்டேன்."

இப்போது அதே ஆஸ்பத்திரியில் அவன் காது மூக்கு தொண்டை மருத்துவன். அறுவைச் சிகிச்சையெல்லாம் இயந்திரங்களே செய்துவிடும். "நாலு மணிக்கு வீட்டுக்குப் போயிரலாம்னுதான மாப்ள இதப் படிச்ச?" என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். இளம் மருத்துவர்கள் பலரும் அதற்காகத்தான் அந்தப் படிப்பில் சேர்ந்தார்கள். அவன் மறுக்காமல் சிரிப்பான்.

மூன்று நாட்களாக மரியபுஷ்பம் கண் திறக்காமல் அந்த வார்டிலேயே படுத்திருந்தாள். முதுமையில் செவி மங்கியதால் அவள் காதிலும் இப்போது ஒரு கருவி இருந்தது; அதில் பேசத்தான் உறவென்று யாரும் வரவில்லை. உயிர் அடங்கும் நேரத்தில் கம்பெனியின் குரல் நன்றி சொல்லி விடைகொடுக்கும். அதுவும் விதி.

நான்கு மணிக்கு மற்ற மருத்துவர்கள் எல்லோரும் கிளம்பிப் போனார்கள். நாடி தளர்வதைத் திரை காட்டியது. ஞானதுரை கருவியின் குரலை அமர்த்தினான். கர்த்தரை நினைத்துக்கொண்டு அவள் காதருகே குனிந்தான்.

"புஷ்பக்கா, மெஷினு இல்லக்கா. நாந்தான் கூப்பிடுதேன், ஞானதுரை."